குவளை யாருடையது, சரக்கு யாருடையது?



ஆண்டுதோறும் இந்த நாளில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கல்வியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு நாம் அன்றாடம் குடிப்பவற்றைப் பற்றி என்று அழைப்பிதழில் போட்டதும் சில தோழர்களுக்கு வருத்தம். "ஏற்கெனவே நம்மளக் குடிகாரப் பயலுவன்னுதான் சொல்றான். நாமளே மேடை போட்டு ஒத்துக்கணுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர்தான் எங்களில் பலருக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தவர். டீக்கடைத் தனிக் குவளைக்கு எதிராக எங்கள் பக்கத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவர். அவர் கல்லீரல் கெட்டு இறந்தார். குடியால் கெட்டது. நாங்கள் சுவரொட்டியில் 'உடல்நலக் குறைவால்' என்று அச்சடித்தோம். அதற்குப் பின் ஒவ்வொரு ஆண்டும் மாலை போட்டோம், வீரவணக்கம் சொன்னோம், அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. போன ஆண்டு கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவருடைய துணைவியார் கேட்டார்: "வருசா வருசம் வர்றீங்க, பேசுறீங்க தம்பி. அவரு எதுல செத்தாருன்னு ஒரு வருசமாச்சும் சொன்னீங்களா? சொல்லியிருந்தா இந்தத் தெருவுல நாலு பேராச்சும் யோசிச்சிருப்பான்ல?" எங்களிடம் பதில் இல்லை. இந்தச் சொற்பொழிவுதான் அந்தப் பதில்.

பேசினால் எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்று பயந்தோம். பேசாமல் இருந்ததையும் அவன்தான் பயன்படுத்திக்கொண்டான். ஆகவே குடித்தவனைக் கூண்டில் ஏற்றாமல், ஊற்றியவர் யார், விற்றவர் யார், வரி வாங்கியவர் யார் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. நீராகாரமும் டீயும்

குடி என்றாலே சாராயம் என்று ஆகிவிட்டது. நம் பாட்டன் பாட்டி அன்றாடம் குடித்தது அதுவல்ல. பச்சைமலை அடிவாரத்து மானாவாரிப் பூமி இது. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமுமாக இருக்கும் காடுகளில் முன்பு கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்தன. விடிகாலையில் நீராகாரம், உச்சிப்பொழுதில் கூழ், உடன் ஒரு வெங்காயம். சோற்றில் ஊற்றிய தண்ணீர் இரவெல்லாம் புளித்து, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகி, வெயிலில் வேலை செய்பவருக்கு உப்பும் நீரும் தரும் பானமாகிறது. இன்று நட்சத்திர விடுதிகளில் கம்பங்கூழ் 'பாரம்பரிய உணவு'. அன்று அது கூலிக்காரன் வயிற்றுக்கு.

அந்தக் கூழை எதில் வாங்கிக் குடித்தோம் என்பதுதான் நம் கதை. பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்று இரண்டு கையையும் குவித்தோம், பனையோலைப் பட்டையில் வாங்கினோம், கொட்டாங்குச்சியில் வாங்கினோம். தண்ணீர்கூட உயரத்தில் இருந்து ஊற்றப்பட்டது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். குடிப்பது ஓர் அரசியல் செயல் என்பதை இந்தியாவுக்குக் காட்டிய நாள் அது. 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. தண்ணீரின் கதை இன்னும் முடியவில்லை.

அடுத்து டீ. இலங்கை மலையகத்திலும் ஆனைமலையிலும் நீலகிரியிலும் காடழித்துத் தேயிலை நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினர். அன்றைய திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு முக்கியமான ஆள்பிடிப்பு இடங்கள். நம் பெரம்பலூர்ப் பகுதி அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் இருந்தது. கங்காணியிடம் கடன்பட்டு மன்னார் வழி நடந்து போனவர்கள் நம் முன்னோர். அவர்கள் கொழுந்து பறித்த இலைதான் ஊர் டீக்கடைக்கு வந்தது. அந்தக் கடையில் அவர்களின் பேரப்பிள்ளைக்குத் தனிக் குவளை. கம்பியில் மாட்டிய குவளையை எடுத்துக் கழுவி, டீ வாங்கி, தரையில் உட்கார்ந்து குடித்து, மறுபடி கழுவி மாட்ட வேண்டும். இலையைப் பறித்த கை தீட்டில்லை, குவளையைப் பிடித்த கை தீட்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் கூறு கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பேரால் தடை கூடாது என்றது. 1955ஆம் ஆண்டுச் சட்டம், உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையும் குற்றம் என்று எழுதிவைத்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் குவளையை உடைத்தது காகிதம் மட்டுமல்ல. ஊர் ஊராக மனு கொடுத்து, கடை முன் உட்கார்ந்து, அடிபட்டு, வழக்கு வாங்கித்தான் அது உடைந்தது. உடைந்த இடங்களில் சிலவற்றில் பிளாஸ்டிக் கப் வந்தது. எல்லோருக்கும் கப் என்றால் சுகாதாரம். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குக் கப் என்றால் அது பழைய கொட்டாங்குச்சிதான். மாணவத் தோழர்கள் அடுத்த முறை ஊர்க் கடையில் டீ குடிக்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் சமமாக உட்கார இடம் கிடைக்காத காலத்திலும் சாராயக்கடையில் நம் காசுக்கு மறுப்பு இருந்ததில்லை. அங்கேயும் தனி இடம், தனி வாங்கல் இருந்த ஊர்கள் உண்டு. ஆனால் 'வராதே' என்று சொன்ன கடை இல்லை. ஊரில் எல்லாக் கதவும் மூடியிருக்க ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால் ஆள் எங்கே போவான்?

2. கள்: மரம் ஒருவனுக்கு, வரி ஒருவனுக்கு

கள் குடிப்பதைத் தாழ்ந்த சாதிப் பழக்கம் என்பவர்கள் சங்க இலக்கியத்தைப் படிக்கவில்லை என்று பொருள். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாடலில் அவன் கள்ளைப் பகிர்ந்துகொடுத்த விதமே நினைவுகூரப்படுகிறது. அரசனும் புலவரும் பாணரும் சேர்ந்து குடித்தார்கள். பின்னர் வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே எழுதினார். அதையும் அவர் எந்தச் சாதிக்கும் தனியாக எழுதவில்லை. குடியும் குடி மறுப்பும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை. குடியை ஒரு சாதியின் குணமாக்கியது பிற்காலத்து வேலை.

கள் எப்படி உண்டாகிறது என்பதை இளைய தோழர்களுக்காகச் சொல்கிறோம். பனம்பாளையையோ தென்னம்பாளையையோ சீவிக் கட்டிய கலயத்தில் இனிப்பான சாறு வடிகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்கும். சில மணி நேரத்தில் கள்ளாகும். ஒரு நாள் தாண்டினால் புளிப்பேறிக் காடியாகிவிடும். சாராயச் சத்து ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு. தேக்கி வைக்க முடியாது, தூரத்துக்கு அனுப்ப முடியாது. மரத்தடியில் இறக்கி அன்றே குடிக்க வேண்டிய பொருள்.

வரி போடுவதற்கு இப்படிப்பட்ட பொருள் வசதியானதல்ல. வெள்ளை அரசு 1886இல் சென்னை அப்காரிச் சட்டம் கொண்டுவந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயம் வடிக்கத் தனி உரிமம் என்று ஆனது. வீட்டில், காட்டில் இறக்கிக் குடித்தவன் திருடன் ஆனான். ஏலம் எடுத்தவன் கனவான் ஆனான். ஏலத்தொகையைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் குடிப்பவர்கள் கூட வேண்டும். ஆகவே கூலி வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை வந்தது. மரம் நிலம் வைத்திருந்தவனுக்கு, ஏலம் பணம் வைத்திருந்தவனுக்கு, வரி அரசுக்கு. நிலமும் மரமும் பணமும் இல்லாத நமக்கு மிச்சம் இருந்தது குடிப்பவன் என்ற இடம் மட்டும்தான். பழியும் அந்த இடத்துக்குத்தான் வந்தது.

3. ஊற்றிக் கொடுத்த கைகள்

தஞ்சைப் பண்ணைகளில் எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். 1940களில் செங்கொடி இயக்கம் போராடித்தான் அது ஒழிந்தது. நம் வாய்க்குள் என்ன போக வேண்டும் என்பதை மற்றவன் தீர்மானித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாராயம் ஊற்றுவது அதைவிடத் தந்திரமானது. அது தண்டனை போலத் தெரியாது, தயவு போலத் தெரியும். சாவு வீட்டுக்குப் பறையடிக்கப் போனவருக்குக் கூலியைக் குறைத்துச் சாராயத்தைக் கூட்டினார்கள். பிணக்குழி வெட்டுபவருக்கும் செத்த மாட்டைத் தூக்குபவருக்கும் அதுவே. மலக்குழியில் இறங்கும் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள், போதை இல்லாமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது. கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. இன்றும் ஆள் இறங்குகிறான், விஷவாயுவில் சாகிறான். செத்ததும் முதலில் வரும் பேச்சு, "குடிச்சிட்டு இறங்கிட்டான்" என்பது. குடிக்காமல் இறங்க முடியாத வேலையைக் கொடுத்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை.

நாடு கடந்தும் இதே கதைதான். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்குக் கோயிலும் பள்ளியும் இருந்ததோ இல்லையோ, கள்ளுக்கடை இருந்தது. கொடுத்த கூலி அதே தோட்டத்துக் கடையில் திரும்பி வந்தது. 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத் தொழிலாளர்கள் திரண்டு கள்ளுக்கடைகளை மறித்தார்கள். காவல்துறையைக் கொண்டு அடக்கினார்கள். தொழிலாளி குடியை விட்டால் முதலாளி ஏன் பயப்பட வேண்டும்? குடியை விட்டவன் கூலியைப் பற்றிப் பேசுவான் என்பதால்தான்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் முறை இருந்தது. அதன் பெயர் 'டாப்' முறை. தலைமுறை தலைமுறையாகக் குடித்ததன் விளைவாக, தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று அது. டர்பன் நகரில் 1908 முதல் கறுப்பின மக்களுக்குப் பீர் விற்கும் உரிமையை நகராட்சி தனக்கே வைத்துக்கொண்டது. வீட்டில் பீர் காய்ச்சிய பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். வந்த லாபத்தில் கறுப்பின மக்களை ஆளும் நிர்வாகம் நடந்தது. தன்னை அடக்கும் செலவைக் குடித்துக் கட்டினான் கறுப்பன். 1959இல் கேட்டோ மேனர் பெண்கள் கம்புகளோடு பீர்க்கூடங்களுக்குள் புகுந்தார்கள். 1976 சோவெட்டோ எழுச்சியில் மாணவர்கள் கொளுத்தியவற்றில் பீர்க்கூடங்களும் மதுக்கடைகளும் இருந்தன. பிள்ளைகள் எதைக் கொளுத்தினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

4. மதுவிலக்கு முதல் டாஸ்மாக் வரை

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அரும்பாவூர் அன்றைய சேலம் மாவட்ட எல்லைக்கு அருகில், திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் விலக்கு, இந்தப் பக்கம் கடை. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியது, 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாகி மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 1990இல் சாராயம் திரும்பி வந்தது, 1991இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்தியது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது.

இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எது மூடியது, எது திறந்தே இருந்தது என்று பாருங்கள். கள் மூடியது, மலிவுச் சாராயம் மூடியது, பாட்டிலில் அடைத்த பிராந்தியும் ரம்மும் பீரும் நின்றன. மென்மையானது போய்க் கடுமையானது நிலைத்தது. மரத்தடியில் விற்றது குற்றம், ஆலையில் அடைத்தது வருவாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கள்ளில் 5 விழுக்காடு என்று வைத்தால் சுத்தமான சாராயம் சுமார் 39 கிராம். 650 மில்லி சாதாரண பீரில் சுமார் 26 கிராம், 8 விழுக்காடு 'ஸ்ட்ராங்' பீரில் சுமார் 41 கிராம். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 விழுக்காடு, அதாவது சுமார் 61 கிராம். ஆனால் ஒரு லிட்டர் கள்ளைக் குடிக்கப் பொழுது வேண்டும், வயிறு நிறைந்துவிடும். குவார்ட்டரைப் பார் வாசலில் நின்று, ஒரு பாக்கெட் தண்ணீரோடு, ஐந்து நிமிடத்தில் காலியாக்குகிறோம். உலக நலவாழ்வு நிறுவனம் 10 கிராமை ஓர் அளவாகக் கொள்கிறது. ஒரு குவார்ட்டர் அப்படிப்பட்ட ஆறு அளவு. வெறும் வயிற்றில், ஐந்து நிமிடத்தில் ஆறு அளவு.

"பீர் குடிச்சா ஒன்னும் ஆவாது" என்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். இரண்டு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடும்.

அந்தக் குவார்ட்டருக்குள் இருப்பது என்ன? பிராந்தி என்றால் திராட்சையிலிருந்து வடிப்பது. நம் கடைகளில் விற்கும் மலிவு ரகங்களில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவை. எறையூரில் பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு இருக்கிறது. கரும்பு வெட்டும் கை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஆலையின் பாகு எங்கே போனாலும், வெட்டுக்கூலி எந்தக் கடைக்குப் போகிறது என்பதும் தெரியும். 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். ஒரு குவார்ட்டர் என்பது கிட்டத்தட்ட அரை நாள் கூலி.

2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகு தமிழ்நாட்டில் 4,829 கடைகள் இருந்தன. 2023-24இல் மதுவால் அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். சராசரி பார்த்தால் ஒரு கடைக்கு ஆண்டுக்கு 9 கோடிக்கு மேல். நம் பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 31 விழுக்காடு. மாநிலத்திலேயே அதிகமான மாவட்டங்களில் ஒன்று. குடிப்பவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. ஆனால் நிலமும் சேமிப்பும் இருக்கும் வீட்டில் குடி ஒரு செலவு. கூலி மட்டுமே இருக்கும் வீட்டில் குடி அடுப்பை அணைக்கிறது. ஒரே பாட்டில், வேறு வேறு விளைவு.

5. கருணாபுரம்

நம் மாவட்டத்தின் வடக்கெல்லையைத் தாண்டினால் கள்ளக்குறிச்சி மாவட்டம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், அன்றாடக் கூலிகள். பெண்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் 20 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. பார்க்கவும் முகரவும் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பை எரிக்கிறது, மூச்சை முடக்குகிறது. கண் மங்குவது, வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல் ஆகியவை அறிகுறிகள். பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். 'போதை தெளியட்டும்' என்று படுக்கவைத்தால் ஆள் பிழைக்க மாட்டான். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மாற்றுமருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும். தோழர்கள் இதைத் தெருவில் போய்ச் சொல்ல வேண்டும். வெட்கத்தால் மறைத்தவன்தான் சாகிறான்.

அன்று தொலைக்காட்சிகளில் 'பத்து லட்சம் எதற்கு, குடித்துச் செத்தவனுக்கா?' என்று கேட்டார்கள். அரசு விற்கும் பாட்டில் அரை நாள் கூலி, கள்ளச்சாராயப் பாக்கெட் அதைவிட மலிவு. மலிவானதைத் தேடிப் போனவன் ஏழை. அவன் இறந்தது குடியால் என்றால், மலிவானதைத் தேட வைத்தது எது?

6. தலைவர்கள் என்ன சொன்னார்கள்?

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அம்பேத்கர் மதுவிலக்கை ஆதரித்தாரா, எதிர்த்தாரா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அரசமைப்பின் 47ஆம் கூறு மதுவிலக்கை அரசின் நெறியாக வைத்தது. ஆனால் 1951இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. வருவாயை இழந்துவிட்டுப் பிறகு எல்லா மக்கள் மீதும் விற்பனை வரி சுமத்துவதில் என்ன நியாயம், அந்தப் பணம் மக்கள் நலனுக்கு வேண்டாமா என்பது அதன் வாதம். அதே அம்பேத்கர் குடிப்பழக்கம் இல்லாதவர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. போலீஸ் கொண்டு விலக்குவதை அவர் நம்பவில்லை. தன்மதிப்புக் கொண்ட மனிதன் தானே விலக்குவதை நம்பினார். இதில் முரண்பாடு இல்லை.

அவருக்கு முன்பே, 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை வாழ்க்கை நெறியாக முன்வைத்தார். ஐந்தாவது சீலம் மயக்கம் தருவதை விலக்குவது. ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தபோது விடுமுறை, திருவிழா நாட்களில் மதுக்கடைகளை மூடத் தீர்மானம் கொண்டுவந்தார். கூலி கிடைக்கும் நாளில் கடை மூடியிருந்தால் பணம் வீட்டுக்குப் போகும் என்பது எளிய கணக்கு. பெரியாரும் ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் செய்தார், தன் தோப்புத் தென்னைகளை வெட்டினார், பிற்காலத்தில் அரசின் மதுவிலக்கை எதிர்த்தார். அவர்கள் எல்லோரும் யோசித்து நிலை எடுத்தார்கள். நாம்தான் யோசிக்காமல் மௌனம் எடுத்தோம்.

7. செய்ய வேண்டியவை

1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குப் போன ஏழைப் பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி அரசையே பணிய வைத்தது. 2017இல் நெடுஞ்சாலைக் கடைகள் நீதிமன்ற உத்தரவால் ஊருக்குள் இடம்பெயர்ந்தபோது தமிழ்நாட்டுப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். இந்தப் போராட்டத்தை எங்கும் பெண்கள்தான் முன்னெடுத்திருக்கிறார்கள், அடியும் பட்டினியும் அவர்களுக்குத்தான் என்பதால். ஆண்கள் நிறைந்த நம் அமைப்புகள் பின்னால் போனால் போதும், முன்னால் நின்று பேச வேண்டியதில்லை.

எங்கள் அமைப்பு மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது.

ஒன்று, பறையடிக்கவோ குழிவெட்டவோ வேறு எந்த வேலைக்கோ சாராயத்தைக் கூலியாக வாங்க மாட்டோம். முழுக் கூலி, பணமாக. பறை நம் கலை. போதை அதற்குத் துணை இல்லை.

இரண்டு, குடிநோயாளியை நோயாளியாக நடத்துவோம். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். ஆகவே வீட்டில் கட்டிப்போடுவதும் கோயிலில் கயிறு கட்டுவதும் வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் படிப்படியாக நிறுத்த வைப்பார்கள். கல்லீரலில் கொழுப்புச் சேரும் முதல் கட்டத்தில் நிறுத்தினால் அது தேறிவிடும், சுருங்கிய பின் திரும்பாது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம். இந்த எண்ணைத் தெருச்சுவரில் எழுதுவோம்.

மூன்று, கணக்குக் கேட்போம். 45,000 கோடி வாங்கும் அரசு, குடிநோய் சிகிச்சைக்கு எவ்வளவு செலவழிக்கிறது, நம் வட்டத்தில் எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுவோம். மனு எழுதுவது எப்படி என்று அவர்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்.

இந்த அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேருக்கும் கோயிலுக்கும் செதுக்கிய தெய்வங்கள் இங்கிருந்துதான் போகின்றன. அந்தத் தேர் வராத தெருக்களில் இருந்து வந்தவர்கள் நாம். நமக்கு ஒரு டீ கிளாஸைச் சமமாகப் பிடிக்கவே ஒரு தலைமுறைப் போராட்டம் தேவைப்பட்டது. அந்தக் கிளாஸைப் பெற்றுத் தந்தவர் வேறொரு கிளாஸிடம் தோற்றார். அது அவருடைய தோல்வி மட்டுமல்ல. மாலை வேளைகளில் அவர் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் பேசாமல் போன எங்கள் தோல்வியும்தான்.

இந்த ஆண்டுச் சுவரொட்டியில் 'உடல்நலக் குறைவால்' என்ற சொல் இல்லை. அச்சுக்குப் போகுமுன் அவருடைய துணைவியாரிடம் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் தம்பி சரியா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

ஜெய்பீம்.